‘வெடித்தது’ என்று நான் எழுதிய வாக்கியம்

‘ஆரம்பத் துப்பாக்கி வெடித்ததில் பயிற்றுவிப்பாளரின் வலது கை காயமடைந்தது’ என்று ஒருவர் எழுதினால், வாசிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்? துப்பாக்கி சுட்டது என்றா, அல்லது துப்பாக்கியே உடைந்து சிதறியது என்றா?

அந்த வாக்கியத்தை எழுதியபோது இக்கேள்வி எனக்கு எழவில்லை. பாடசாலை அலுவலகத்தில் இருந்து அரை மணித்தியாலத்தில் அறிக்கையை எழுதி முடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதிபரிடம் கொடுத்தேன். நான்கு நாட்களின் பின் கிளிநொச்சி வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதியில், கட்டிலில் சாய்ந்திருந்த பயிற்றுவிப்பாளர், பொலிஸார் கொடுத்துவிட்டுப் போன, சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு தாளை இடது கையால் நீட்டி, “ரீச்சர், இதிலை நான் ஆரைச் சுட்டதெண்டு கிடக்கு?” என்று கேட்டபோதுதான் எழுந்தது. அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தர்மபுரத்திலிருந்து உள்ளே போகும் வீதியில் இருக்கும் சிறிய பாடசாலை அது. சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு அங்குதான் முதல் நியமனம் கிடைத்தது. வரலாறும் குடியியலும் கற்பித்தேன். விளையாட்டுப் பொறுப்பும் எனக்கே தரப்பட்டது. ஓடத் தெரியாத எனக்கு ஓட்டத்தைப் பற்றி எல்லாம் சொல்லித்தந்தவர் எங்கள் பயிற்றுவிப்பாளர். வட்டக்கச்சிக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், ஒருகாலத்தில் எண்ணூறு மீற்றரில் மாகாண மட்டம் வரை ஓடியவர். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்துகொண்டிருந்தார். அந்த வருடம் நிரந்தர நியமனத்துக்கான பட்டியலில் அவருடைய பெயரும் போயிருந்தது. ஒழுக்காற்றுக் குறிப்பு ஒன்றும் இல்லாதவர்களுக்கே நியமனம் என்பது நிபந்தனை. அதைப் பற்றி அவர் பேசுவது குறைவு. ஆனால் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மைதானத்தில் எங்கு நின்றாலும் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்.

துப்பாக்கி வேண்டும் என்று கேட்டவள் நான். முந்தைய வருடம் வலயப் போட்டியில் இருநூறு மீற்றர் ஓட்டத்துக்கு எங்கள் மாணவி ஒருத்தி நின்றாள். ஆரம்பத் துப்பாக்கியின் சத்தம் கேட்டதும் மற்றப் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் சத்தம் வந்த திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு ஓடினாள். எங்கள் மைதானத்தில் விசிலுக்கு ஓடித்தான் அவளுக்குப் பழக்கம். கடைசியாக வந்து சேர்ந்தவளைப் பார்த்தபோது, இது ஒரு பிள்ளையின் தோல்வி அல்ல, வசதி உள்ள பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் இடையிலான தூரம் என்று எனக்குப் பட்டது. அதை அப்படியே ஒரு கடிதமாக எழுதினேன். என்னுடைய பல்கலைக்கழகக் கட்டுரைகளை விட அக்கடிதம் நன்றாக அமைந்திருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்த வருடம் எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, வலயத்தில் பல பாடசாலைகள் மாறி மாறிப் பாவிக்கும் ஆரம்பத் துப்பாக்கி எங்களுக்கு இரவலாக வந்தது.

அது பிஸ்கட் ரின் ஒன்றுக்குள், பழைய துவாய்த் துண்டில் சுற்றப்பட்டு வந்தது. பார்வைக்குச் சின்ன ரிவோல்வர். சுழலும் உருளையில் ரவைகள் போடும் அறைகள் இருக்கும். விசையை இழுக்க உருளை ஓர் அறை திரும்பும். ஆனால் குழாயின் நுனி வார்க்கும்போதே அடைக்கப்பட்டது. குண்டு எதுவும் வெளியே போக வழியில்லை. புகை போவதற்கு மட்டும் மேற்பக்கத்தில் ஒரு சிறு துவாரம் இருந்தது. ரவையிலும் குண்டு இராது. மருந்து மட்டுமே இருக்கும். உருவமும் சத்தமும் மட்டும்தான் துப்பாக்கியுடையவை என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ரின்னில் மூன்று ரவைகள்தான் மிச்சம் இருந்தன. எங்களுக்குக் குறைந்தது முப்பது வேண்டும். இறக்குமதி இல்லை என்று விளையாட்டுப் பொருள் கடையில் கையை விரித்தார்கள். எங்கள் மாணவன் ஒருவனின் தகப்பன் வீடுகளுக்கு சீலிங் அடிப்பவர். கொங்கிறீற்றுக்குள் ஆணி இறக்குவதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. அதுவும் ரவை போட்டு வெடிக்கவைப்பதுதான். பெற்றார் கூட்டத்தன்று அந்த ரவையை அவருடைய சட்டைப்பையில் கண்டு, கேட்டு வாங்கி, உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பருமன். உருளையின் அறைக்குள் தடங்கலின்றி இறங்கியது. அடுத்த நாள் அவருடைய வீட்டுக்கே போய் ஒரு பெட்டியை வாங்கி வந்தேன்.

பயிற்றுவிப்பாளர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “நுனி நிறம் வேற, ரீச்சர். எங்கடை பச்சை. இது சிவப்பு.”

கொம்பனி வேறு என்றால் பூசும் நிறமும் வேறாகத்தான் இருக்கும், உள்ளே போகிறதுதானே என்றேன்.

“உள்ளுக்கை போறதெல்லாம் சரியெண்டா நான் அதிபற்றை சப்பாத்தையும் போட்டுக்கொண்டு திரியலாம்” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது. பின்னேரம் வயல் பக்கம் திரும்பி நின்று ஒன்றை வெடிக்கவைத்துப் பார்த்தார். பழையதை விடச் சத்தம் கூட. வாய்க்கால் கரை மரத்துக் காகங்கள் ஒன்றாக எழும்பின. நல்ல சத்தம், மைதானத்தின் மற்ற அந்தத்துக்கும் கேட்கும் என்று இருவரும் மகிழ்ந்தோம்.

போரைக் கண்ட எங்கள் பக்கத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் நாள் முழுக்க வெடிச் சத்தம் எழுப்ப முடியாது. அதனால் போட்டிக்கு முதல்நாள் மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு நானே போய், நாளைக்கு வெடி கேட்கும், பயப்பட வேண்டாம், ஓட்டப் போட்டிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, “வெடிக்கு ஓடுறதுக்கு எங்கடை பிள்ளையளுக்கும் பழக்கவேணுமோ ரீச்சர்? நாங்கள் கேட்டவுடனை ஓடின ஆக்கள்தானே” என்றாள். பக்கத்து வளவில் யாரோ சிரித்தார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ முறையாகச் சொல்லியிருப்பேன்.

போட்டி நாளில் முதல் நான்கு ஓட்டங்களும் பிசகில்லாமல் தொடங்கின. ஐந்தாவது, பெண் பிள்ளைகளின் இருநூறு மீற்றர். முந்தைய வருடம் திரும்பிப் பார்த்த அதே மாணவி மூன்றாவது தடத்தில் நின்றாள். நான் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். பயிற்றுவிப்பாளர் கையை உயர்த்தினார். சத்தம் கேட்டது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். அவளும் பாய்ந்தாள், இம்முறை அவள் திரும்பவில்லை. நான் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல மகிழ்ந்த கணங்கள் குறைவு. அவள் இரண்டாவதாக என்னைக் கடந்துபோன பிறகுதான் கைதட்டல் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். தொடக்கக் கோட்டில் அவர் முழந்தாளில் இருந்தார். வலது கையை இடது கையால் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தார். வெள்ளைச் சேட்டு நனைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோட்டின் மேல் உருளையின் ஒரு துண்டு, பாதி வளையல் போலக் கிடந்தது.

பெருவிரலின் மேற்பாதியைக் காப்பாற்ற முடியவில்லை. சுட்டு விரல் இருக்கிறது, மடங்காது.

ஓடிய பிள்ளைகளில் ஒருத்திக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கு அது துப்பாக்கி வழமையாக எழுப்பும் சத்தம். பார்வையாளர்களுக்கும் அப்படியே. அந்த ஓட்டத்தின் தொடக்கம் செல்லுமா என்று பின்னர் நடுவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். செல்லும் என்று முடிவாகி, அவளுக்குச் சான்றிதழும் கொடுக்கப்பட்டது.

அன்றைக்கே அறிக்கை தேவைப்பட்டது. அதிபர் எழுதச் சொன்னார், நான் எழுதினேன். அதில்தான் அந்த வாக்கியம் இருந்தது. அதற்கு மேலே, ‘போதிய ரவைகள் இன்மையால் மாற்று ரவைகள் பெறப்பட்டன’ என்று இன்னொரு வாக்கியமும் இருந்தது. அலுவலகக் கடிதங்களில் எல்லாமே இப்படித்தான் பெறப்படும், வழங்கப்படும், தெரிவிக்கப்படும். செய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அறிக்கை பொலிஸ் நிலையத்துக்குப் போனது. அங்கே தமிழ் ஓரளவு வாசிக்கத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் சொல்ல, இன்னொருவர் எழுதினார். ‘வெடி’ என்ற சொல் சிங்களத்திலும் இருக்கிறது. நம்மிடமிருந்து போனதாகவே படித்திருக்கிறேன். ஆனால் அங்கே அதற்குத் துப்பாக்கிச் சூடு என்பது மட்டுமே பொருள். வெடிப்பு விழுந்த சுவர், வெடித்த பாதம், வெடித்த பலாப்பழம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் அந்தச் சொல்லோடு அக்கரைக்குப் போகவில்லை. இருவருக்கும் பொதுவான சொல் என்பதால் அவர் சந்தேகப்படவும் இல்லை, அகராதி தேடவும் இல்லை. துப்பாக்கி, வெடி, கையில் காயம். பயிற்றுவிப்பாளர் தன் கையில் தானே சுட்டுக்கொண்டார் என்று பதிவானது. மாற்று ரவைகள் என்பது அனுமதியற்ற ரவைகள் ஆயிற்று. மயக்க மருந்தின் கனம் தெளியாமல் இருந்தவர் அந்தத் தாளில் இடது கையால் கையொப்பமும் வைத்திருந்தார்.

நான் அதை எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னபோது அவர் தாளைத் திரும்ப வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப பட்டியல்?” என்றார்.

விசாரணை முடியும் வரை அவருடைய ஒப்பந்தம் இடைநிறுத்தப்பட்டிருப்பதாகக் கடிதம் அந்த வாரமே வந்தது. பட்டியலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அதிபர் கெட்டவர் அல்லர். நான் போய்ச் சொன்னபோது அறிக்கையைத் திரும்ப எடுத்து இரண்டு முறை வாசித்தார். “தமிழிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. வெடிச்சதுதானே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னுடைய நியமனம் உறுதிப்படுத்தப்பட இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டார். ஏழு என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார். சுட்டது அல்ல, உடைந்தது என்று திருத்தி எழுதலாம். ஆனால் ஏன் உடைந்தது என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு உம்மிடம் பதில் இருக்கிறதா என்றார்.

ஒரு ரிவோல்வர் ஏன் உடைகிறது? நான்கு தடவையும், அதற்கு முன் வயல் பக்கம் ஒரு தடவையும் உடையாதது ஐந்தாவது ஓட்டத்தில் ஏன் உடைந்தது? வலய அலுவலகத்தில் ஒருவர், கையை வைக்கக்கூடாத இடத்தில் வைத்துப் பிடித்திருப்பார் என்றார். இன்னொருவர், வெயிலில் சூடாகியிருக்கும் என்றார். ஆசிரியர் அறையில் பழைய இரும்பின் மேல் பழி விழுந்தது. நான் ஒவ்வொன்றையும் நம்பினேன். ஒவ்வொன்றையும் நம்பியபின் அடுத்ததை நம்பினேன். அவர் பிழையாகப் பிடித்திருந்தால் என் மனம் சற்று இலேசாகும் என்பதையும் ஒரு கட்டத்தில் கவனித்தேன். அதற்குப் பிறகு என் நம்பிக்கைகள் எதையும் எனக்கு நம்ப முடியவில்லை.

வவுனியாவில், பயிர்க் காவலுக்கு அனுமதி பெற்ற துவக்குகளைத் திருத்துபவர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். துண்டுகள் பொலிஸில் இருந்தன. என்னிடம் தொலைபேசியில் எடுத்த படங்கள் மட்டுமே. அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். இது இரும்பே இல்லை, வார்த்த மட்டமான உலோகம் என்றார். பிறகு மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையையும் தீப்பெட்டியையும் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். உருளை திரும்பி நிற்கும்போது அறையும் குழாயும் நேருக்கு நேர் வர வேண்டும். தேய்ந்த ரிவோல்வரில் ஒரு மயிரிழை விலகி நிற்கும். அப்போது வெடியின் வேகம் போக வேண்டிய வழியில் போகாமல் பக்கத்தில் முட்டும். அது ஒன்று. புகை போகும் துவாரத்தைத் துடைக்காமல் விட்டால் கரி அடைத்துவிடும்; பிறகு வேகத்துக்கு வெளியே வர வழியில்லை. அது இன்னொன்று. மருந்து தாங்கக்கூடிய அளவுக்கு மேல் போனால், முதலாவது வெடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், இரண்டாவதில் அது நீளும், எத்தனையாவதில் பிரியும் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

“இதிலை எது ஐயா?” என்று கேட்டேன்.

“அது துவக்குக்குத்தான் தெரியும், தங்கச்சி. மூண்டும் சேர்ந்தும் இருக்கும்.” அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். “ரவையை ஆர் குடுத்தது?”

‘மாற்று ரவைகள் பெறப்பட்டன’ என்ற வாக்கியம் எனக்கு வாய்வரை வந்தது. துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் அப்படிப் பேச முடியாது. பேச்சில் யாராவது ஒருவர் கொடுத்திருக்க வேண்டும்.

“நான்” என்றேன்.

அவர் தேநீரைக் குடித்தார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து சீலிங் வேலைக்காரரின் வீட்டுக்குப் போனேன். நான் எழுதப்போவதில் அவரும் வருவார் என்பதால் அவருக்குத் தெரியாமல் எழுத முடியாது. நுனி நிறத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். நிறம்தான் அதன் பலம் என்றார். இலேசான கல்லுக்கு ஒரு நிறம், கொங்கிறீற்றுக்கு இன்னொரு நிறம்; சிவப்பு, பலமானவற்றில் சேர்ந்தது. வேலைக்கு வரும் பெடியன்களுக்கு முதல்நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். “நீங்கள் கேக்கேல்லையே ரீச்சர். படிச்ச ஆள், தெரிஞ்சுதான் கேக்கிறீங்கள் எண்டு நினைச்சன்” என்றார். எழுதுங்கள், தன்னுடையது ஆணிக்கு அனுமதியோடு வாங்கியது, ரசீது இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் நான் வெளியே வரும்வரை அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதன் விளைவுகளை நான் நிறுத்துப் பார்க்காமல் இல்லை. அதுவே என் பழக்கம். எழுதினால் என் நியமனம் தள்ளிப்போகலாம், போகாமலும் விடலாம். ஒரு தொழிலாளி பொலிஸ் வாசல் ஏற வேண்டிவரும். எழுதாவிட்டால் ஒருவருடைய பத்து வருடம் ஒரு சொல்லுக்குள் போய்விடும். காரணம் எதுவென்று தெரியாதபோது நான்தான் காரணம் என்று எழுதுவதும் ஒரு வகைப் பொய்யாகாதா என்றும் யோசித்தேன். கரி அடைத்திருக்கலாம். உருளை விலகியிருக்கலாம். அந்தத் துப்பாக்கியை எங்களுக்கு முன் எத்தனை பாடசாலைகள் துடைக்காமல் ரின்னில் போட்டு மூடினவோ தெரியாது. இவ்வளவு குழப்பத்துக்குள்ளும் எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தவை மூன்றே. ரவையை நான் கொண்டுவந்தேன். அவர் நிறம் வேறு என்றார். நான் பரவாயில்லை என்றேன்.

அவற்றை மட்டும் எழுதினேன். ‘பெறப்பட்டன’ என்பதை வெட்டி ‘நான் பெற்றேன்’ என்று மாற்றினேன். ‘வெடித்ததில்’ என்பதை வெட்டி, ‘துப்பாக்கியின் உருளை துண்டு துண்டாக உடைந்ததில்’ என்றேன். சிங்களம் கற்பிக்கும் சக ஆசிரியையைக் கொண்டு அதன் மொழிபெயர்ப்பையும் எழுதுவித்து, இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சப்பாத்துக் கதையை எழுதேல்லையோ?” என்றார்.

“இல்லை, சேர்.”

“அதையும் எழுதியிருக்கலாம். நான் சிரிச்சனான் எல்லே. பிறகு நான்தானே போட்டு வெடிக்கவைச்சனான்.”

அவர் என்னை மன்னித்தாரா, பங்குபோட்டுக்கொண்டாரா, அல்லது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரா என்று அன்று விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பொலிஸ் பதிவு திருத்தப்பட நான்கு மாதம் எடுத்தது. சீலிங் வேலைக்காரர் இரண்டு தடவை வாக்குமூலம் கொடுக்கப் போய்வந்தார். அவருடைய மகன் இப்போது வேறு பாடசாலையில் படிக்கிறான். என்னுடைய நியமனம் உறுதிப்படுத்தப்படுவது ஒரு வருடம் பிற்போடப்பட்டது. பயிற்றுவிப்பாளரின் ஒப்பந்தம் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. நிரந்தர நியமனப் பட்டியல் அதற்குள் மூடப்பட்டுவிட்டதால் அடுத்ததற்கு விண்ணப்பித்திருக்கிறார். எங்கள் பாடசாலையில் இப்போது ஓட்டங்கள் பிணைச்சல் போட்ட இரண்டு பலகைகளைத் தட்டித் தொடங்கப்படுகின்றன. அவரால் பெருவிரலை ஊன்றிப் பலகையைப் பிடிக்க முடியாது. ஆகவே ‘ஆயத்தம்’ என்று அவர் சொல்கிறார். பலகையை நான் தட்டுகிறேன்.